பன்னிரண்டு கிலோ

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, பல் தேய்த்த கையோடு வந்து, மாஸ்டர் எடை பார்க்கும் கருவியின் மேல் ஏறி நின்றார். உடம்பில் அரைக்கால் சட்டை மட்டும்தான். பனியனைக்கூடக் கழற்றிவிட வேண்டும் என்பது மனைவியின் சட்டம். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பவர் மாதிரி எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"மூச்சை இழுத்தா தொப்பைதான் உள்ளே போகும், எடை போகாது. விடுங்க."

"விட்டா ஏறிடுமோன்னு பயமா இருக்கு."

எண்கள் ஓடித் தடுமாறி 81.4 என்று நின்றன. அவள் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், கை தட்டினாள். ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி, பெரிய மருத்துவமனையில் இருபத்தைந்து வருஷமாக உணவு ஆலோசகர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கை தட்டினாள். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி வைத்து, போன வாரத்துப் புள்ளியோடு கோடு சேர்த்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால் 93.4-இல் கிளம்பிய கோடு, படியில் நிதானமாகக் கால் வைத்து இறங்குகிற ஆள் போல இறங்கிக்கொண்டே வந்திருந்தது.

"பன்னிரண்டு கிலோங்க! முழுசா பன்னிரண்டு! ரெண்டு வயசுப் பிள்ளையை இடுப்புல இருந்து இறக்கி விட்டிருக்கீங்க."

"யார் பெத்த பிள்ளையோ, பாவம்" என்று சொல்லிக்கொண்டே அவர் இறங்கினார். "எங்கே போயிருக்கும் அந்தப் பன்னிரண்டு?"

"கரைஞ்சு போச்சு. இன்னும் ஒண்ணரை கிலோ. எண்பதுக்குக் கொஞ்சம் கீழே வந்துட்டா போதும், அப்புறம் உங்களை விட்டுடறேன்."

எண்பது என்பதை அவர் வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

முப்பது வருஷம் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்த மனிதர். ஊரில் பாதிப் பேர் ஸ்டியரிங்கைப் பிடித்தது அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான். அதனால் காய்கறிக் கடையிலிருந்து வங்கி வரை எல்லோருக்கும் அவர் மாஸ்டர். போன வருஷம் ஒரு நாள், ஆயிரம் தடவை போன ரவுண்டானாவில், "அடுத்து எந்தப் பக்கம், மாஸ்டர்?" என்று மாணவி கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் வட்டத்தை ஐந்து முறை சுற்றினாள். இதுவும் ஒரு பயிற்சி என்று நினைத்தாளாம். ஆறாவது சுற்றில்தான் திரும்பிப் பார்த்திருக்கிறாள். மாஸ்டரின் கன்னம் நனைந்திருந்தது.

நரம்பியல் டாக்டர் படங்கள் எடுத்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். பிறகு மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு நோயின் பெயரைச் சொன்னார். மாத்திரை கொஞ்சம் தள்ளிப் போடும், நிறுத்தாது. எடை அதிகம், ரத்த அழுத்தம் அதிகம், அதையாவது கவனிக்கலாம். "சாப்பாட்டு விஷயம் உங்களுக்கு நான் சொல்லணுமா, மேடம்? உங்க துறைதானே" என்றார். வெள்ளத்தில் போகிறவளுக்கு அந்த வாக்கியம் ஒரு கிளை. இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

அவளுக்குத் தெரியாததில்லை. கீரை, பயறு, கொட்டைகள், மீன், முழுத் தானியம், ஆலிவ் எண்ணெய் என்று சாப்பிடுகிற ஆயிரம் பேரையும் அப்படிச் சாப்பிடாத ஆயிரம் பேரையும் வருஷக்கணக்கில் பார்த்துவந்தால், முதல் கூட்டத்தில் மறதி கொஞ்சம் மெதுவாக வருகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. சாப்பாட்டால்தான் அப்படி என்று அடித்துச் சொல்ல முடியாது என்று அதே ஆய்வுகள் கடைசிப் பத்தியில் சொல்கின்றன. வந்துவிட்டதைத் திருப்பி அனுப்பும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. நோயாளிகளின் வீட்டுக்காரர்கள் இதையே கேட்டு வரும்போது அவள் எத்தனை பதமாக, எத்தனை நேர்மையாக விளக்கியிருக்கிறாள்! தன் வீடு என்று வந்தபோது கடைசிப் பத்தியை மட்டும் மடித்து வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் சர்க்கரை இல்லை, வெண்ணெய் இல்லை, பொரித்தது எதுவும் இல்லை. காலை உணவும் இரவு உணவும் அவள் கண்ணெதிரே, அளந்து, கச்சிதமாக. மதியத்துக்கு மூன்று அறை உள்ள கண்ணாடி டப்பா. மீன் அல்லது பயறு ஒன்றில், கீரையும் காயும் ஒன்றில், ஏழு வால்நட் ஒன்றில். வேலைக்குக் கிளம்புமுன் அதை மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். மதியம் ஒரு மணிக்கு மருத்துவமனையிலிருந்து போன் செய்வாள். "ஆச்சா?" "இதோ, உட்காரப் போறேன்." நாலு மணிக்கு அவருடைய போனில் அலாரம் அடிக்கும்: 'நோட்டு எழுதவும்'. சாப்பிட்டது ஒவ்வொன்றையும் எழுதிவைக்கிற அந்த நோட்டுதான் அவள் தொழிலின் அஸ்திவாரம். எழுதுகிறவர்கள் குறைவாகச் சாப்பிடுகிறார்கள், இது நிரூபிக்கப்பட்டது. அவளிடம் வருகிற எல்லா நோயாளிகளும் நோட்டு எழுதுவார்கள். அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, சிவப்புப் பேனாவால் சரிக்குறி போட்டு, சுருக்கக் கையெழுத்தும் போட்டுத் திருப்பித் தருவாள். ஒரு நாளைக்கு நாற்பது நோட்டு. மாஸ்டரின் நோட்டு நாற்பத்தொன்றாவது.

வியாழக்கிழமைகளில் எடை குறைக்க வருகிறவர்களின் கூட்டம் நடக்கும். பதினான்காம் எண் அறை. அலமாரியில் பிளாஸ்டிக் மீன், பிளாஸ்டிக் முட்டை, பிளாஸ்டிக் பழங்கள். சுற்றிலும் பன்னிரண்டு நாற்காலிகளில் பன்னிரண்டு உண்மையான மனிதர்கள். அதில் ஒரு பேக்கரிக்காரர், நூற்றுப் பதினெட்டு கிலோ. "நான் செய்யறதை நானே தொடலைன்னா வாங்கறவன் எப்படி மேடம் நம்புவான்?" என்று ஆறு மாதமாக அதே எடையில் நிற்கிறவர். மாஸ்டரின் பன்னிரண்டு கிலோவை அவள் சொன்னதும் பேக்கரிக்காரர் கையைத் தூக்கினார்.

"ஆளைக் காட்டுங்க மேடம். விளம்பரத்துல வர்ற மாதிரி முன்னாடி, பின்னாடின்னு பார்த்தாத்தான் நம்புவோம்."

அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு போனாள். புதுச் சட்டை, இடுப்பில் மூன்று ஓட்டை உள்ளே தள்ளிய பெல்ட். மாஸ்டருக்குக் கூட்டம் புதிதா என்ன? நடுவில் நின்று ஆரம்பித்தார். "ஒரு பொண்ணு முதல் நாள் வண்டியில ஏறினா. 'இந்தக் கண்ணாடி எதுக்கு, மாஸ்டர்?'ன்னா. 'பின்னாடி வர்றவனை நீ பார்க்கறதுக்கு'ன்னேன். 'அவன்தான் என்னைப் பார்த்துக்கிட்டே வர்றானே, மறுபடி நான் வேற எதுக்கு?'ன்னா."

அறை அதிர்ந்தது. பேக்கரிக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒரு பொண்ணு முதல் நாள் வண்டியில ஏறினா" என்றார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, அதே இடத்தில் அதே நிறுத்தத்தோடு. இது வேறொரு தமாஷ் என்று நினைத்து எல்லோரும் முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்கள். அவள் பிளாஸ்டிக் பழங்களை அடுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

மறதி வளர்கிறது என்று அவளுக்குப் புரியாமலில்லை. ஆனால் கோடு இறங்கிக்கொண்டிருக்கிறதே! ஒன்று கைக்கு அடங்கினால் மற்றதும் மெல்ல அடங்கும், கொஞ்சம் பொறுக்க வேண்டும். நோயாளிகள் இப்படிப் பேசினால் அவள் தலையசைத்துக் கேட்டுக்கொள்வாள், திருத்தவும் செய்வாள். தன்னைத் திருத்த ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை கீழ்வீட்டுத் தையலக்கா படியேறி வந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

"ஏம்மா, ஒரு உதவி. சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்கக்கா."

"எங்க செல்லத்துக்கு ஒரு டயட் எழுதிக் கொடுக்கணும்."

செல்லம் என்பது தையலக்காவின் பழுப்பு நிற நாய். அவள் சிரித்துத்தான் விட்டாள்.

"பார்த்தியா, சிரிக்கறே! கழுத்துப் பட்டையில புதுசா ரெண்டு ஓட்டை போட்டாச்சும்மா. மூச்சு வாங்குது. நான் போடறது ஒரே வேளை, அதுவும் அளந்துதான். நேத்து வாந்தி எடுத்துச்சுன்னு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன், போற வழியில தோள்பட்டையே விட்டுப் போச்சு. டாக்டர் என்னைப் பிடிச்சு உலுக்கறார். 'என்னம்மா இது, மீனும் கீரையும் வால்நட்டுமா வருது? இந்தக் கொட்டையெல்லாம் நாய்க்கு ஆகாது. ஆனா ஒண்ணு, இவ்வளவு சத்தா நானே சாப்பிடறதில்லை'ங்கறார்."

அவளுடைய சிரிப்பு எங்கோ பாதியில் நின்றது. "வால்நட்டா?"

தையலக்கா உட்கார்ந்தாள். அளவு நாடாவை இழுத்து விரலில் சுற்றினாள். "தெரிஞ்சுதாம்மா வந்தேன். மாஸ்டர் தினம் நாலு மணிக்குப் பின்பக்கப் படியில இறங்கி வருவார். மிச்சம் மீதியைப் பாசத்துல போடறார்னு இருந்துட்டேன். டப்பாவைக் கீழ்க் குழாய்லயே கழுவி, சட்டையில துடைச்சு எடுத்துட்டுப் போவார். நேத்துதான் பக்கத்துல போய்ப் பார்த்தேன். மிச்சம் இல்லம்மா. மூணு அறையும் முழுசா இருந்துச்சு."

தையலக்கா போனபிறகு அவள் மாஸ்டரின் நோட்டை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து படித்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவை.

ஆரம்பப் பக்கங்களில் மாஸ்டர் இருந்தார். 'பீட்ரூட். என்ன குற்றம் செய்தேன்?' 'கீரை. இன்னும் ஒரு வாரத்தில் மே மே என்று கத்துவேன்.' 'வால்நட் ஏழு. எண்ணிப் பார்த்தேன், ஏமாற்றவில்லை.' மூன்றாம் மாதத்தில் கேலி குறைந்தது. அப்புறம் நின்றே போனது. நான்காம் மாதத்தில் ஒரு பக்கத்தின் அடியில் அவள் சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: 'நன்று! தண்ணீர் இன்னும் இரண்டு டம்ளர் குடிக்கவும்.' ஒரு சரிக்குறி, கையெழுத்து.

அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதே பயறு, அதே கீரை, அதே ஏழு வால்நட். அதற்கடியில் நீல மையில், அவருடைய சாய்ந்த எழுத்தில்: 'நன்று! தண்ணீர் இன்னும் இரண்டு டம்ளர் குடிக்கவும்.' ஒரு நீலச் சரிக்குறி. அவளுடைய சுருக்கக் கையெழுத்தை, அந்தக் கடைசிச் சுழிப்பு உட்பட, கவனமாகப் பார்த்து வரைந்திருந்தார். அதற்கும் கீழே சிவப்பு மையில் நிஜமான சரிக்குறி, நிஜமான கையெழுத்து.

அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். மீன் வைத்த நாளிலும் பயறு என்றிருந்தது. அவள் ஊரில் இல்லாத நாளிலும் 'நன்று' என்றிருந்தது. நூற்றுப் பதினேழு பக்கங்களை எண்ணினாள். நூற்றுப் பதினேழிலும் சிவப்பில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தாள்.

மாஸ்டர் உள்ளறையில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு இன்னும் நன்றாக வரும். அவள் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள்.

"மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

அவர் பார்வை அவள் மடியிலிருந்த நோட்டுக்குப் போனது.

"இதைப் பார்க்காம சொல்லுங்க."

ஒரு துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "கீழே அந்தம்மா சொல்லிட்டாளா?"

"நீங்க சொல்லுங்க."

"நாலு மணிக்கு அது அடிக்கும். நோட்டு எழுதணும். டப்பாவைத் திறந்தா எல்லாம் அப்படியே இருக்கு. ஃபெயில்னு தெரிஞ்சிடும். அந்த நேரத்துல சாப்பிட்டா ராத்திரி சாப்பாடு இறங்காது, நீ கண்டுபிடிச்சிடுவே. வீணாப் போகக் கூடாதேன்னு அதுக்குப் போட்டேன். அது ரொம்ப நல்ல பிள்ளை, எல்லாத்தையும் சாப்பிடும்."

"உங்களுக்குப் பசிக்கவே இல்லையா?"

அவர் யோசித்தார். கேள்வியை மரியாதையோடு எடுத்துக்கொண்டு, நிஜமாகவே உள்ளே போய்த் தேடிவிட்டு வந்தார். "அதுதான் தெரியலை. பசிச்சிருந்தா சாப்பிட்டிருப்பேன் இல்ல?"

எழுதுவதற்கு அலாரம் வைத்தவளுக்குச் சாப்பிடுவதற்கு வைக்கத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்? மனிதர்கள் அதிகம் சாப்பிடாமல் தடுப்பதுதான் இருபத்தைந்து வருஷமாக அவள் பார்க்கிற வேலை. பசி எல்லோருக்கும் தானாக வரும், அதை எப்படிக் கட்டுவது என்பது மட்டும்தான் பாடம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னு நினைப்பேன். அதுக்குள்ள ஞாயித்துக்கிழமை வந்திடும். நீ கை தட்டுவே." துண்டை அடுக்கில் வைத்துத் தட்டிச் சமப்படுத்தினார். "நான் பண்றதுல அது ஒண்ணுதான் சரியா வருது."

அலமாரியில் அவளுடைய புத்தகங்களுக்கு நடுவே ஒரு கட்டுரைத் தொகுப்பு இருந்தது. எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியும். நடுவயதில் கூடுதல் எடை இந்த நோய்க்கு வழி வகுக்கலாம். நோய் வந்தபிறகு எடை தானாக இறங்கினால் அது நோயின் போக்கு, சில பேருக்கு மறதி வெளியே தெரியுமுன்பே இறங்கத் தொடங்கும். மஞ்சள் பேனாவால் அடிக்கோடிட்டது அவள்தான். பயிற்சிக்கு வந்த பெண்களுக்குப் பரீட்சையில் கேள்வியாகக்கூடக் கேட்டிருக்கிறாள். எழுந்து போய் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

மறுநாள் நரம்பியல் டாக்டரிடம் போனில் சொன்னாள். வேறு யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வது போல வரிசையாகச் சொன்னாள்.

"இனிமே டயட் வேண்டாம், மேடம். எது இறங்குதோ அதைக் கொடுங்க. வெண்ணெய், க்ரீம், இனிப்பு. நேரத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்து கொடுங்க."

"மூளைக்கு?"

"முதல்ல உடம்பு நிக்கட்டும்."

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேராகப் பேக்கரிக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற பேக்கரிக்காரர் அவளைப் பார்த்ததும், வாயில் போட்டுக்கொண்டிருந்த பிஸ்கட்டை அவசரமாக விழுங்கினார்.

"மேடம்! சோதனைக்கா வந்திருக்கீங்க? சத்தியமா இது ஒண்ணுதான் இன்னிக்கு. மாஸ்டரைப் பார்த்ததுல இருந்து ஒரு கிலோ இறக்கிட்டேன், தெரியுமா? 'அவரே இறக்கிட்டார், உனக்கென்ன'ன்னு வீட்டுல தினம் அவர் பேர்தான்."

"ஆறு க்ரீம் பன் கொடுங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இருப்பதில் பெரிதாக ஆறு பொறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பெட்டியில் வைத்தார். நாடா கட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. மாஸ்டர் சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், காலையில் அவள் வைத்துவிட்டுப் போன கண்ணாடி டப்பா எதிரே மூடியபடி. வேறொருவருடைய சாமானுக்குக் காவல் இருப்பவர் போல இருந்தார். அவள் டப்பாவை ஓரமாகத் தள்ளி, ஒரு பன்னைத் தட்டில் வைத்து நகர்த்தினாள். க்ரீம் இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது.

"என்ன இது?"

"க்ரீம் பன். உங்களுக்குப் பிடிக்குமே. சாப்பிடுங்க."

அவர் பன்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. கண்டுபிடித்துவிட்டவரின் சிரிப்பு.

"டெஸ்ட் வைக்கறியா?"

"இல்லீங்க."

"எனக்குத் தெரியாதா? லைசென்ஸ் குடுக்க வர்ற அதிகாரி இப்படித்தான் பண்ணுவான். நல்லா ஓட்டிட்டுப் போறவனைத் திடீர்னு 'இப்படித் திரும்பு'ம்பான். அது ஒருவழிப் பாதையா இருக்கும். திரும்பினா போச்சு." நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "நான் திரும்ப மாட்டேன்."

"சட்டம் மாறிப் போச்சுங்க. இப்ப நீங்க எல்லாம் சாப்பிடலாம். சாப்பிடணும்."

"எண்பதுக்கு வரணும்னு நீதானே சொன்னே."

எட்டு மாதத்தில் அவள் சொன்னது எத்தனையோ. மாத்திரை எந்த டப்பாவில், சாவி எந்த ஆணியில், மகன் எந்த ஊரில். எதுவும் தங்கவில்லை. இது தங்கியிருந்தது.

"தப்பாச் சொல்லிட்டேன். ஒரு வாய். எனக்காக."

"உனக்காகத்தான் வேண்டாங்கறேன்."

அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு அவளுக்கு வேறு வழி தோன்றவில்லை. யாராவது எதிரில் சாப்பிட்டால் பார்க்கிறவர் கையும் சில நேரம் தட்டுக்குப் போகும், இந்த நோயில் அப்படி நடப்பதுண்டு. ஒரு பன்னை எடுத்துக் கடித்தாள். வருஷக்கணக்கில் தொடாத இனிப்பு நாக்கில் கூசியது. ருசித்துச் சாப்பிடுவது போல மென்று, உதட்டில் ஒட்டிய க்ரீமை நக்கி, "ஆஹா" என்றுகூடச் சொன்னாள். அவர் கை மடியிலேயே இருந்தது. முதல் பன் முடிந்தது. இரண்டாவதை எடுத்தாள். "பாருங்க, எவ்வளவு நல்லா இருக்கு" என்றாள். சர்க்கரைத் தூள் மேஜையில் உதிர்ந்தது. தண்ணீர் குடித்து விழுங்கினாள். மூன்றாவதற்குக் கையை நீட்டினாள்.

மாஸ்டர் சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் லேசான கவலை. பயிற்சி வண்டிகளில் சொல்லிக் கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மேஜைக்குக் கீழே அவருடைய வலது கால் மெதுவாக நீண்டு, வெறும் தரையை அழுத்தியது. அவள் பன்னைக் கடித்தாள். குதிகால் தூக்கி, விரல்கள் வெளுக்க, அவர் இன்னும் பலமாக அழுத்தினார்.